அண்ணியின் பழுப்புப் போத்தல்

“இத எங்க வைக்கிறது, நாத்தனாரே? அரிசி டின்னு பக்கத்துலயா, சாமி படத்துக்குக் கீழயா?”

அண்ணி இரண்டு கைகளாலும் அந்தப் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு லிட்டர் கொள்ளும் பழுப்பு நிறப் போத்தல். வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக அந்த நிறம். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் சமையல்கட்டில் அதற்கு இடமே இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பு, மைலோ டின், காயப்போட்ட நெத்திலி, எல்லாவற்றுக்கும் நடுவில் அது ஒரு விருந்தாளியைப் போல நின்றது.

“எங்க வேணாலும் வைங்க அண்ணி. வெயில் படாம இருந்தா போதும். காலையில ஆறு மணிக்கு மொதல்ல போறத விட்டுடணும். அதுக்கப்புறம் மறுநாள் காலையில ஆறு மணி வரைக்கும் போறது எல்லாத்தையும் ஒரு சொட்டு விடாம இதுல சேக்கணும்.”

“ஒரு சொட்டுகூடவா?”

“ஒரு சொட்டுகூட.”

அண்ணி போத்தலை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அண்ணன் எனக்கு ஒரு அத்தர் போத்தல் வாங்கிக் குடுத்தாரு. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அவரு தங்கச்சிக்குப் பாரேன், எவ்வளவு பெரிய மனசு!”

வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் காதில் விழாதவர் போல இன்னும் கொஞ்சம் வேகமாகத் துடைத்தார்.

ஏன் அந்தப் போத்தல்

சென்ற வாரம் நான் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அங்கே சேர்ந்து என்ன சோதித்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ரத்தம், சளி, மலம், எல்லாம்தான். ஆனால் என் டைரிகளில் நான் அதிகப் பக்கங்கள் ஒதுக்கியது அண்ணியின் போத்தலுக்குத்தான்.

எந்த வருடம் என்று நான் எழுதுவதில் அண்ணிக்கு விருப்பமில்லை. வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்களாம். எழுபதுகளின் கடைசி என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அண்ணனும் அண்ணியும் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் இறக்கினார்கள். நான் ஈப்போவில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று டிக்கெட் கேட்டால், அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையை மனதில் வைத்துக்கொண்டு கண்டக்டர், “பாக்கப் போறீங்களா, தங்கப் போறீங்களா?” என்பார். அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்த வேடிக்கை அது.

அண்ணிக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில் போயிற்று. இன்னொன்று எட்டாம் மாதம் வரை வந்து பிரசவத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றி இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசுவார்.

இந்த முறை நானே ஈப்போவில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பூர்வீகம் யாழ்ப்பாணம். பிறந்து வளர்ந்தது ஈப்போதான் என்றாலும் பேச்சில் அந்த வாசனை போகவில்லை. வயிற்றை அளந்து பார்த்துவிட்டு, “பிள்ளை கொஞ்சம் சின்னனாய்த்தான் இருக்குது. கவனமாய்ப் பார்ப்பம். வாரத்துக்கு ஒருக்கா மூத்திரம் சோதிக்க வேணும், முழு நாளுக்குரியது” என்றார்.

அந்தக் காலத்தில் ஸ்கேன் வசதி எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் நலம் விசாரிக்க இருந்த வழிகளில் அது ஒன்று.

பெரட்டில் பேர் கூப்பிடுவது போல

நாங்கள் சோதித்தது ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஒரு ஹார்மோனை. கர்ப்ப காலத்தில் குழந்தையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. பாதி வேலை குழந்தையின் உடம்பில் நடக்கிறது, மீதி நஞ்சுக்கொடியில். தாயின் ரத்தத்தில் கலந்து, கடைசியில் சிறுநீரில் வெளியேறுகிறது. குழந்தை சோர்ந்தால் அளவு குறையும்.

ஒரு நேரத்துச் சிறுநீரை வைத்துச் சொல்ல முடியாது. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும். அதனால்தான் முழு நாள், பெரிய போத்தல்.

இதை நான் சொன்னபோது அண்ணி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “ரத்தத்துல கலந்து உடம்பு பூரா ஓடுதுன்னு சொல்ற. அப்ப கையி காலுல என்னா செய்யும்? கர்ப்பப்பையில மட்டும் ஏன் வேல செய்யிது?”

மருத்துவரம்மா படித்து முடித்த பழைய சஞ்சிகைகளை எனக்குத் தருவார். அவற்றில் அப்போதுதான் படித்திருந்தேன். ஹார்மோன் எங்கும் போகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எந்த உயிரணுவில் இருக்கின்றனவோ அங்கேதான் அதன் பேச்சு எடுபடும். கர்ப்பப்பையிலும் மார்பிலும் அவை நிறைய. கர்ப்பப்பை வளர்வதும், அதன் ரத்தக் குழாய்கள் அகலமாவதும், மார்பு பாலுக்குத் தயாராவதும் அதனால்தான்.

அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தோட்டத்தில் விடியுமுன், மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள்.

“பெரட்டுல கங்காணி அஞ்சலைன்னு கூப்பிட்டா எல்லாரு காதுலயும்தான் விழும். யாரு பதில் குடுப்பா? நீங்க மட்டுந்தானே? அந்த மாதிரி அண்ணி. ஹார்மோன் கூப்பிட்டுக்கிட்டே போவும். ஏற்பி இருக்கற எடந்தான் பதில் சொல்லும்.”

அண்ணி முகவாயில் கைவைத்துக்கொண்டார். “அப்ப உள்ளுக்கும் ஒரு கங்காணி இருக்கானா? அங்கயாவது நிம்மதியா விடமாட்டானுங்களா?”

இன்னொரு ஹார்மோனும் இருக்கிறது, அது இந்த ஏற்பிகளை அதிகம் பெருகவிடாமல் அடக்கி வைத்து, மாதம் நிறையும்வரை கர்ப்பப்பையை அமைதியாக இருக்கச் செய்கிறது என்றேன்.

“அது நல்ல மனுசன்” என்றார் அண்ணி.

எங்கள் சோதனையின் குறையையும் சொல்ல வேண்டும். எவ்வளவு கூப்பிடுகிறது என்பதைத்தான் எங்களால் அளக்க முடிந்தது. உள்ளே எத்தனை ஏற்பிகள் பதில் சொல்கின்றன என்பதை உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் யாராலும் எண்ண முடியவில்லை. பாதி உரையாடலை மட்டும் கேட்டுக்கொண்டு தீர்மானம் எடுத்த காலம் அது.

என் கண்டிப்பு

கூடத்தில் எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் சோங். ஒல்லியான, ஐம்பது வயதுக்காரர். மேல்கோட்டின் ஒரு பையில் எப்போதும் மெங்லெம்பு ஊர் வறுத்த கடலை. சோதனை அறைக்குள் தின்னக்கூடாது என்ற விதியை எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

சோதனையின் முடிவில் ஒரு இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஹார்மோன். அண்ணியின் முதல் போத்தல், தண்ணீர் கூடுதலாகிப்போன ரோஸ் சிராப் நிறத்தில் வந்தது. “பொலே லா” என்றார் மிஸ்டர் சோங். பரவாயில்லை என்று பொருள். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

நான் ஒரு வரைதாளில் புள்ளி வைத்தேன். இரண்டாவது போத்தலுக்கு இரண்டாவது புள்ளி, முதலாவதற்குச் சற்று மேலே. இரண்டையும் பென்சிலால் இணைத்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை டைரியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். பொதுவாக நான் சந்தோஷங்களை எழுதுவதில்லை.

இரண்டாவது போத்தலை அண்ணியே கொண்டு வந்தார். பிரம்புக் கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி, மடியில் இருத்திக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கள்ளா? டவுனுக்குக் கொண்டுபோயி விக்கிறீங்களா?” என்றாராம்.

“இல்ல அண்ணே, இது வீட்டுச் சரக்கு. விக்கிறதில்ல.”

இதைச் சொல்லிவிட்டு அண்ணி சிரித்த சிரிப்பில் வரவேற்பறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் சிரிக்கவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதால் அவர் வந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. போத்தல் சூடாக இருந்தது. மேல்கோட்டு போட்டிருந்தால் எனக்கு வேறு குரல் வந்துவிடும்.

“அண்ணி, இப்படிச் சூட்டுல கொண்டு வந்தா கெட்டுப்போயிடும். கெட்டுப்போனா சோதிக்க மாட்டோம். திருப்பி அனுப்பிடுவோம்.”

சிரிப்பு நின்றது. “சரி மங்களம்” என்றார். நாத்தனாரே என்று சொல்லவில்லை.

லயத்து வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது என்பது எனக்குத் தெரியும். எங்கே குளிர வைப்பது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இறங்கிய புள்ளிகள்

மூன்றாவது போத்தலில் நிறம் வெளுத்திருந்தது. மறுபடியும் செய்து பார்த்தேன். அதே வெளுப்பு. புள்ளி கீழே இறங்கியது.

நான்காவது இன்னும் கீழே. தாளில் ஏறிக்கொண்டிருந்த கோடு, பாதியில் மனம் மாறியது போல வளைந்தது.

மருத்துவரம்மா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அண்ணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

“போன முறை எட்டாம் மாசத்திலை உள்ளுக்கையே செத்துப்போட்டுது. இந்த முறையும் அப்பிடி விட ஏலாது. வியாழக்கிழமை வயித்தைக் கீறிப் பிள்ளையை எடுப்பம்.”

“இப்ப எடுத்தா பிழைக்குமா டாக்டர்?”

“சின்னப் பிள்ளை. நுரையீரல் முத்தியிராது. பிழைக்கும் எண்டு சொல்ல மாட்டன். உள்ளுக்கை விட்டாலும் சொல்ல மாட்டன்.”

அண்ணனிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். “நீ படிச்சவ. நீ சொன்னா சரிதான்” என்றார்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அதுக்குள்ள இன்னொரு தடவ சோதிக்கலாந்தானே?”

கடைசியாக ஒரு போத்தல் கொடுத்தேன்.

இரண்டு மூடி

புதன்கிழமை காலையில் அண்ணியை மருத்துவமனையில் சேர்க்க அழைத்துவரப் போனேன். அண்ணன் மரம் வெட்டப் போயிருந்தார். பாதி நாள் வேலையை முடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணி குளித்து, தலை பின்னி, துணிகளை மடித்து வைத்துத் தயாராக இருந்தார். மேசை மேல் போத்தல், கழுவித் துடைத்த மாதிரி பளபளப்பாக.

“இந்தத் தடவ நீ கொறயே சொல்ல முடியாது. ரெண்டு நாளு வச்சிருந்தாலும் கெடாது.”

“எப்படி அண்ணி?”

“ரெண்டு மூடி ஊத்திருக்கேன்ல. போன ரெண்டு தடவயும் ஒரு மூடிதான். இந்தத் தடவ ரெண்டு.”

“என்னத்த?”

“அமோனியாதான், வேறென்ன? உங்க அண்ணன் ஸ்டோர்லேர்ந்து சின்னப் போத்தல்ல வாங்கியாந்தாரு. பாலு கெட்டுப்போவாம இருக்க வாளியில ஊத்துறோமில்ல, அது மாதிரி. பாலே கெடலன்னா இது கெட்டுருமா?”

தோட்டத்துக்காரர்களுக்குப் பால் என்றால் ரப்பர் பால். வெட்டிய மரத்திலிருந்து வடியும் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் உறையாமல் இருக்க அமோனியா விடுவார்கள். பத்து வயதிலிருந்து அண்ணி பார்த்த வேலை அது. கெட்டுப்போகும் எதையும் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

நான் மூடியைத் திறந்தேன். மூக்கில் அடித்தது, கண்ணில் நீர் வந்தது. நாள்பட்ட சிறுநீருக்கும் இதே வாடைதான் வரும். வெயிலில் வந்ததால் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது, நான்காவது போத்தல்களுக்கு நேராக என் குறிப்பேட்டில் ‘வாடை கடுமை’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதி வைத்தேன், யோசிக்கவில்லை.

“ஏன் மங்களம், தப்பா?” அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நீதானே கெட்டுப்போனா திருப்பி அனுப்பிடுவேன்னு சொன்ன?”

“ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன். வாங்க, சீக்கிரம் போலாம்.”

கூடத்தில் மிஸ்டர் சோங் சிவப்பு லிட்மஸ் தாளை அந்தப் போத்தலில் நனைத்தார். உடனே நீலமானது. “அலாமாக்” என்றார், ஐயையோ என்பது போல. கடலையைப் பையில் போட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். இந்த ஹார்மோன் சிறுநீரில் தனியாக வருவதில்லை, வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்தால்தான் பிரியும், பிறகுதான் நிறம் வரும். நாங்கள் அளந்து சேர்த்த அமிலத்தை அண்ணியின் அமோனியா தின்றுவிட்டிருக்க வேண்டும். ஹார்மோன் பிரியாமலே இருந்தால் நிறம் எங்கிருந்து வரும்?

“நினைப்பு வேறு, நிரூபணம் வேறு” என்று மலாயில் சொன்னார் மிஸ்டர் சோங். முந்தின நாள் வேறொரு பெண்ணுடைய போத்தல் வந்து நல்ல நிறம் கொடுத்திருந்தது. அதில் மீந்ததை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் ஒன்றும் சேர்க்கவில்லை. மற்றதில் ஒரு மூடிக்கு ஏற்ற அளவு அமோனியா.

முடிவு வர மாலை நான்கு மணியாயிற்று. அதுவரை அண்ணி வரவேற்பறையில் உட்கார்ந்து, அருகில் இருந்த சீனக் கிழவியோடு கையாலும் மலாயாலும் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு குழாயில் ரோஸ் சிராப். மற்றதில் வெறும் நீர் போல ஒரு வெளுப்பு.

ஒரு நாள்

இரண்டு குழாய்களையும் தாங்கியோடு எடுத்துக்கொண்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு, மருத்துவரம்மாவிடம் விரைந்தேன். அண்ணனும் வேலை உடுப்போடு அங்கே வந்திருந்தார். என் கண்டிப்பில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மருத்துவரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“விளங்குது. ஆனால் இதாலை பிள்ளை நல்லாயிருக்குது எண்டு அர்த்தமில்லை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டுதான் அர்த்தம்.”

அது உண்மை. அந்த இரண்டு புள்ளிகளையும் அழித்துவிட்டால் கோடு நின்ற இடத்துக்குப் பிறகு வெற்றுத்தாள். புதிதாகச் சேகரிக்க ஒரு முழு நாள் வேண்டும், சோதிக்க இன்னொரு அரை நாள். குழந்தை நிஜமாகவே சோர்ந்துகொண்டிருந்தால் அந்த ஒன்றரை நாள் போதும், எல்லாம் முடிந்துவிட.

மருத்துவரம்மா குழலை அண்ணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு அண்ணியிடமே கேட்டார். “பிள்ளை துடிக்குதோ?”

“ஒதைக்குது டாக்டரம்மா. வெடிஞ்சதுலேர்ந்து ஒதைக்குது. போன தடவ இந்த மாசத்துக்கெல்லாம் நின்னு போச்சு.”

முன்பு நடந்ததைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

“அப்ப என்ன செய்வம், அம்மா? நாளைக்கு எடுக்கிறதோ, ஒரு நாள் பொறுக்கிறதோ?”

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரையும் பாத்துப் பிரயோசனம் இல்ல” என்றார் அண்ணி. “ஒரு நாளு குடுங்க டாக்டரம்மா.”

அன்று அவரை வார்டில் சேர்த்தார்கள். ஒரு தாதி மணிக்கு ஒருமுறை இதயத் துடிப்பைக் கேட்டு எழுதினார். புதுப் போத்தல் வார்டின் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தச் சோதனையை நான் செய்ய மிஸ்டர் சோங் விடவில்லை. “இது உன் அண்ணி லா. போய் உட்காரு.” அவர் வேலை செய்வதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் அவசரப்படவே இல்லை. கருவியில் அளவைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். “புள்ளி நீ வை.”

முதல் இரண்டு புள்ளிகளை இணைத்து நீட்டினால் கோடு எங்கே போகுமோ, அதற்கு ஒரு நூல் கீழே. குழந்தை சின்னது, ஆனால் சோரவில்லை. மருத்துவரம்மா ஆபரேஷனை ரத்து செய்தார். பிரசவம்வரை அண்ணி என் அறையிலேயே தங்கட்டும், இனித் தோட்டத்துக்குப் போகவேண்டாம் என்று உத்தரவு.

நான்கு வாரங்கள்

என் கட்டிலில் அண்ணி, தரையில் நான். கீழ்த்தளத்தில் காப்பிக் கடை. காலையில் ஐஸ் கட்டி வாங்கி ஒரு வாளியில் போட்டு, அதற்குள் போத்தலை நிறுத்துவது என் வேலை. காப்பிக் கடைச் சீன முதலாளி, தவ்க்கே, ஒரு நாளாவது உள்ளே என்ன மீன் என்று கேட்பார் என்று அண்ணி எதிர்பார்த்தார். அவர் கேட்கவே இல்லை. அண்ணிக்கு ஏமாற்றம்.

ஒரு நாள் காலை, நான் வேலைக்குப் புறப்படும்போது சொன்னேன். “அண்ணி, அன்னிக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“எப்படிப் பேசுன?”

“திருப்பி அனுப்பிடுவோம்னு.”

அண்ணி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “நானுந்தான் கேட்டிருக்கலாம், அமோனியா ஊத்தலாமான்னு. கேட்டா உனக்குக் கோவம் வருமோன்னு கேக்கல. நீ அந்த வெள்ளக் கோட்டு போட்டா எனக்குத் தோட்டத்து ஆபீசு கிராணி மாதிரி இருக்கு.” பிறகு, “இங்க வா” என்று கூப்பிட்டு என் மேல்கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டார். “போயிட்டு வா, நாத்தனாரே.”

போத்தல்கள் நான்கு வந்தன. நான்கும் கோட்டை விட்டு விலகவில்லை. ஐந்தாவது நிறையவில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்த அண்ணி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “மங்களம், இது வேற மாதிரி வலி” என்றார். யாரும் ஊசி போடவில்லை, நாள் குறிக்கவில்லை. கர்ப்பப்பை தானாகவே நேரம் வந்துவிட்டது என்று தீர்மானித்தது.

அண்ணன் வந்து சேர்வதற்குள் பிறந்துவிட்டது. பெண். சின்னக் குழந்தைதான். ஆனால் அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் கோடிவரை கேட்டது. கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டபோது தாதி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, தோளில் போட்டுத் தட்டித் தட்டி அழுகையை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடங்கவில்லை.

“அம்மா களைச்சிப் போயிருக்காங்க. பக்கத்து ரூமுக்குக் கொண்டு போறேன்” என்றார்.

அண்ணி தலையை மட்டும் திருப்பினார். முகமெல்லாம் வியர்வை. உதடு காய்ந்திருந்தது.

“வேணாம் மிஸ்ஸி. அழட்டும். இங்கயே கொஞ்ச நேரம் அழட்டும்.”